இம்ப்ரூவ்மெண்ட்டும் ரிப்பீட்டும்: இரண்டாம் முறை தேர்வெழுதிய இரு காலங்கள்

மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைக்கும் அளவுக்கு மதிப்பெண் வரவில்லை. ஓராண்டு வீட்டிலிருந்து படித்து மறுபடி எழுதிப் பார்க்கலாம். இந்த முடிவைத் தமிழ்நாட்டுக் குடும்பங்கள் இரண்டு காலங்களில் எடுத்திருக்கின்றன. முதலாவது, பிளஸ் டூ தேர்வை மறுபடி எழுதி மதிப்பெண்ணைக் கூட்டிக்கொண்ட ‘இம்ப்ரூவ்மெண்ட்’ காலம். இரண்டாவது, நீட் தேர்வை மறுபடி எழுதும் ‘ரிப்பீட்டர்’ காலம். முன்னதை எழுதிய பலருக்கு இன்று நடுவயது. அவர்கள் வீட்டுப் பிள்ளைகளே இப்போது பின்னதை எழுதுகிறார்கள். அதனால் தந்தையின் அனுபவம் மகளுக்கு அறிவுரையாக வந்து சேர்கிறது. அந்த அறிவுரை எவ்வளவு தூரம் பொருந்தும் என்று பார்ப்பதே இந்த ஒப்பாய்வின் நோக்கம்.

இதற்குப் பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களைக் களமாகக் கொள்ளக் காரணம் இருக்கிறது. ஒரே நிலப்பரப்பு அரசாணைகளால் பிரிந்தும் சேர்ந்தும் உருவான மாவட்டங்கள் இவை. திருச்சியிலிருந்து 1995இல் பெரம்பலூர் பிரிந்தது. அதிலிருந்து 2001இல் அரியலூர் பிரிந்து, 2002இல் மீண்டும் இணைந்து, 2007 நவம்பரில் நிலையாகத் தனி மாவட்டமானது. மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம் ஒரு பக்கம். சுண்ணாம்புக்கல் சுரங்கமும் சிமெண்ட் ஆலைகளும் முந்திரியும் மறுபக்கம். கல்வியில் பின்தங்கிய பகுதி என்று நெடுங்காலம் எழுதப்பட்ட இந்த மண், பொதுத்தேர்வு முடிவுகளில் இப்போது மாநிலத்துக்கே முன்னால் நிற்கிறது. 2022 பிளஸ் டூ தேர்வில் 97.95 விழுக்காட்டுடன் பெரம்பலூர் முதலிடம். 2023 பத்தாம் வகுப்புத் தேர்வில் 97.67 விழுக்காட்டுடன் மறுபடியும் பெரம்பலூர். 2024 பத்தாம் வகுப்பில் 97.31 விழுக்காட்டுடன் அரியலூர். 2025 பிளஸ் டூவில் 98.82 விழுக்காட்டுடன் மீண்டும் அரியலூர்.

நீட் என்றதும் தமிழ்நாட்டின் நினைவுக்கு வரும் முதல் ஊரும் இங்கேதான் இருக்கிறது. செந்துறை அருகே குழுமூரைச் சேர்ந்த அனிதா, 2017 பிளஸ் டூவில் 1200க்கு 1176 பெற்றார். பழைய கணக்கில் மருத்துவத்துக்கான அவருடைய கட்-ஆஃப் 200க்கு 196.75. நீட்டில் அவருக்கு வந்தது 720க்கு 86. உச்ச நீதிமன்றம் வரை சென்று வாதாடிய அவர், அந்த ஆண்டு செப்டம்பர் 1 அன்று மறைந்தார். ஒரே மாணவிக்கு ஒரே ஆண்டில் இரண்டு தேர்வுகள் இரண்டு வெவ்வேறு தீர்ப்புகளை எழுதின. இரண்டாம் முறை எழுதுவதைப் பற்றிப் பேசும்போது முதலில் மனதில் வைக்க வேண்டியது இந்த இடைவெளியைத்தான்.

எதைத் திரும்ப எழுதினார்கள்?

தமிழ்நாட்டில் தொழிற்கல்விப் படிப்புகளுக்கு மாநில நுழைவுத்தேர்வு 1984இல் வந்தது. அந்த முறையில் ஒரு மாணவரின் தரவரிசை 300க்குக் கணக்கிடப்பட்டது. மருத்துவம் என்றால் உயிரியலுக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50 என்று பிளஸ் டூ மதிப்பெண்ணிலிருந்து 200, நுழைவுத்தேர்விலிருந்து 100. ஆக, மூன்றில் இரண்டு பங்கு எடை பிளஸ் டூவுக்கே இருந்தது. ‘இம்ப்ரூவ்மெண்ட்’ எழுதியவர்கள் குறிவைத்தது இந்த இரண்டு பங்கைத்தான். 200க்கு 185 வாங்கிய உயிரியலை 197 ஆக்குவது அவர்கள் இலக்கு. தோற்றவர்கள் எழுதும் தேர்வாக அது இருக்கவில்லை. நன்றாகத் தேறியவர்கள், இன்னும் கொஞ்சம் தேவைப்பட்டதால் எழுதிய தேர்வு.

நீட்டை மறுபடி எழுதுபவர் முன்னால் இருக்கும் தாள் வேறு வகை. 180 வினாக்கள், 180 நிமிடம், 720 மதிப்பெண். உயிரியலில் 90 வினா, இயற்பியலிலும் வேதியியலிலும் தலா 45. சரியான விடைக்கு 4, தவறுக்கு 1 கழிவு. பிளஸ் ஒன், பிளஸ் டூ இரண்டு ஆண்டுப் பாடமும் அதில் அடக்கம். பிளஸ் டூ மதிப்பெண் தகுதிக்கு மட்டுமே. தரவரிசையில் அதற்கு எடையே இல்லை.

இம்ப்ரூவ்மெண்ட் எழுதியவர் தனக்கு நன்கு பழகிய தேர்வையே இன்னும் கூர்மையாக எழுதினார். நீட் ரிப்பீட்டர்களில் கணிசமானோர், குறிப்பாக அரசுப் பள்ளியிலிருந்து வருவோர், முதல் ஆண்டில் அந்தத் தேர்வை முழுமையாகச் சந்தித்திருக்கவே மாட்டார்கள். மார்ச் வரை பிளஸ் டூ பொதுத்தேர்வு, மே முதல் ஞாயிறு வாக்கில் நீட். இடைப்பட்ட வாரங்களில் அவசரமாகப் புரட்டிய பாடத்தோடு எழுதியதுதான் அவர்களுடைய ‘முதல் முயற்சி’. முந்தையவர் வேலை விளைந்த வயலில் களை எடுப்பது. இவர் வேலை நிலத்தை மறுபடி உழுவது.

ஒரு மதிப்பெண்ணின் எடை

பழைய கணக்கில் உயிரியலில் ஒரு மதிப்பெண் கூடினால் கட்-ஆஃபில் அரை மதிப்பெண் கூடும். இயற்பியலில் ஒன்று கூடினால் கால். அந்தக் காலத்தில் கட்-ஆஃப் பட்டியல்கள் தசமப் புள்ளிக்குப் பிறகு இரண்டு இலக்கம் வரை ஓடியது இதனால்தான். ஓராண்டு உழைப்பில் பத்துப் பதினைந்து மதிப்பெண் தேறினால் நிலைமையே மாறிவிடும். தேவையான உயர்வு சிறியது. அதற்கான வழியும் தெளிவானது. எழுத்துப்பிழை, விடுபட்ட படம், அலகு போடாத கணக்கு, புத்தகத்தின் பின்பக்க ஒரு மதிப்பெண் வினாக்கள் ஆகியவற்றில் கவனம் வைத்தால் போதும்.

நீட்டில் ஒரு வினா தவறிலிருந்து சரிக்கு மாறினால் 5 மதிப்பெண் ஏறும். பார்க்க எளிதாகத் தெரியும். ஆனால் 300இல் இருப்பவர் 500ஐத் தொட வேண்டுமானால் 40 வினாக்கள் தவறிலிருந்து சரிக்கு வர வேண்டும். தாளில் நான்கில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு அது. கவனத்தைக் கூட்டுவதால் மட்டும் இவ்வளவு தூரம் ஏற முடியாது. அடிப்படையில் விட்டுப்போன பாடங்களைப் புதிதாகக் கற்க வேண்டும்.

இன்னொரு வேறுபாடு பெற்றோர் கண்ணுக்கு எளிதில் படாது. இம்ப்ரூவ்மெண்ட் காலப் பிளஸ் டூவில் 190 என்றால் எந்த ஆண்டிலும் ஏறத்தாழ 190தான். நீட் மதிப்பெண்ணுக்கு ஆண்டு மாறினால் மதிப்பே மாறிவிடும். 2024இல் 67 பேர் 720க்கு 720 பெற்றதாக முதலில் முடிவு வந்தது. கருணை மதிப்பெண் சர்ச்சை, 1,563 பேருக்கு மறுதேர்வு வாய்ப்பு, உச்ச நீதிமன்ற வழக்கு என்று அந்த ஆண்டே கொந்தளித்தது. அடுத்த ஆண்டு இயற்பியல் தாள் கடினமாக அமைந்தது. 2025இல் நாட்டின் முதல் மாணவரே பெற்றது 686தான். முந்தைய ஆண்டு 600ஐத் தாண்டியவர்கள் பல்லாயிரம் பேர். 2025இலோ ஆயிரத்து முந்நூறு சொச்சம் பேர்தான். எனவே “போன தடவை 480, இந்தத் தடவை 470; ஒரு வருஷம் வீணாப்போச்சு” என்று மதிப்பெண்ணை மட்டும் பார்த்துச் சொல்லிவிட முடியாது. ரிப்பீட்டர் ஒப்பிட வேண்டியது ரேங்கை. அதிலும் அகில இந்திய ரேங்கைவிட மாநிலப் பட்டியலில், தன் இட ஒதுக்கீட்டுப் பிரிவில் தனக்கு வரும் இடமே சேர்க்கையைத் தீர்மானிக்கிறது.

படிக்கும் முறை

இம்ப்ரூவ்மெண்ட் காலத்துத் தயாரிப்புக்கு மூன்று தூண்கள்: பாடநூல், ‘ப்ளூ பிரிண்ட்’, பெற்றோர் ஆசிரியர் கழக வினா வங்கி. எந்தப் பாடத்திலிருந்து எத்தனை மதிப்பெண்ணுக்கு வினா வரும் என்று ப்ளூ பிரிண்ட் சொல்லிவிடும். அதை வைத்து எதைப் படிக்கலாம், எதை விடலாம் என்று கணக்குப் போட்டார்கள். விடையைப் பார்க்காமல் எழுதி, திருத்தக் கொடுத்து, மறுபடி எழுதினார்கள். எழுத எழுதக் கை பழகும், விடை மனதில் படியும். பிளஸ் ஒன் பாடத்துக்கு அதில் வேலையில்லை. அதனால்தான் பல தனியார் பள்ளிகள் பிளஸ் ஒன் வகுப்பிலேயே பிளஸ் டூ பாடத்தைத் தொடங்கி, இரண்டு ஆண்டும் அதையே நடத்தின. 2017-18இல் பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு கொண்டுவரப்பட்டதற்கு இதுவே முக்கியக் காரணம். 2025இல் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையின்படி அந்தத் தேர்வு நீக்கப்பட்டிருக்கிறது. நீட் எழுத நினைப்பவர்கள் இந்த மாற்றத்தைக் கவனிக்க வேண்டும். பொதுத்தேர்வு போய்விட்டது என்பதற்காகப் பிளஸ் ஒன் பாடம் நீட்டிலிருந்து போய்விடவில்லை.

நீட்டில் ப்ளூ பிரிண்ட்டை நம்பிப் பாடத்தை விட முடியாது. எழுதிப் பார்ப்பதால் மட்டும் பயனும் இல்லை. விடை எழுதவே தேவையில்லாத தேர்வு அது. நான்கு விடைகளில் மூன்றைத் தள்ளுவதே வேலை. இங்கே இரண்டாம் ஆண்டுக்காரருக்கு இருக்கும் பெரிய சொத்து, அவருடைய பழைய விடைத்தாள். தேர்வு முகமை ஒவ்வொருவருடைய ஓஎம்ஆர் தாளின் நகலையும் விடைக்குறிப்பையும் வெளியிடுகிறது. அதை முன்னால் வைத்து, தவறிய ஒவ்வொரு வினாவையும் மூன்றாகப் பிரிக்கலாம்: பாடமே தெரியாதவை, பாடம் தெரிந்தும் அவசரத்தில் பிழைத்தவை, நேரமில்லாமல் தொடாதவை. முதல் வகைக்குப் பாடம் படிக்க வேண்டும். இரண்டாவதற்கு மாதிரித் தேர்வு எழுத வேண்டும். மூன்றாவதற்கு வினாக்களை எடுக்கும் வரிசையை மாற்ற வேண்டும். இந்தப் பிரிப்பைச் செய்யாமல் முதல் பாடத்திலிருந்து மறுபடி படிக்கத் தொடங்குவது பலர் செய்யும் தவறு. தெரிந்ததையே மறுபடி படிக்கும்போது படித்த நிறைவு வரும், மதிப்பெண் வராது.

நெகட்டிவ் மார்க்கைப் பற்றிய பயமும் ஆசையும் இரண்டுமே கணக்கில்லாமல் பேசப்படுகின்றன. ஒன்றுமே தெரியாத நான்கு வினாக்களுக்குக் கண்ணை மூடிக்கொண்டு குறித்தால், சராசரியாக ஒன்று சரியாகும், மூன்று தவறும். 4 வந்து 3 போய் 1 மிஞ்சும். அதாவது ஐந்தில் ஒன்று சரியானால் லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. ஆனால் வினா அமைப்பவர் தவறான விடைகளையும் சரி போலத் தோன்றும்படிதான் வைக்கிறார். அரைகுறையாகத் தெரிந்தவர் அந்த வலையில் விழுந்து ஐந்தில் ஒன்றுகூடச் சரியாகக் குறிக்காமல் போவது உண்டு. எனவே மாதிரித் தேர்வுகளில் சந்தேகமாகக் குறித்த வினாக்களுக்குப் பக்கத்தில் ஒரு அடையாளம் போட்டு, அவற்றில் எத்தனை சரியாயின என்று எண்ண வேண்டும். ஐந்தில் ஒன்றுக்கு மேல் சரியானால் துணியலாம்; குறைந்தால் விட்டுவிடலாம். 120 சரி, 60 தவறு என்று எழுதியவருக்கு 420. அந்த அறுபதில் முப்பதைத் தொடாமல் விட்டிருந்தால் 450. புதிதாக ஒரு வரி படிக்காமலேயே வரும் முப்பது அது.

உயிரியலுக்கு 360 மதிப்பெண் என்பது அரசுப் பள்ளி மாணவருக்குச் சாதகம். படித்தால் வரும் பாடம் அது. என்சிஇஆர்டி நூலின் வரிகளை ஒட்டியே பெரும்பாலான உயிரியல் வினாக்கள் அமைகின்றன. 2018-19 முதல் வந்த தமிழ்நாட்டுப் புதிய பாடநூல்கள் அந்த அளவுக்கு ஈடுகொடுக்கும் நோக்கில் எழுதப்பட்டவை. உயிரியலை முதலில் நிலைநிறுத்திவிட்டு வேதியியலுக்குப் போவதும், இயற்பியலில் கணக்குப் பழக்கத்தை நாள்தோறும் விடாமல் வைத்திருப்பதும் இரண்டாம் ஆண்டில் பலன் தரும் வரிசை. இயற்பியலைக் கடைசி மாதத்துக்கு ஒதுக்குவோர் மறுபடி அதே இடத்தில் நிற்பார்கள்.

மொழி

இம்ப்ரூவ்மெண்ட் காலத்தில் தமிழ் வழி மாணவருக்கு மொழி தடையாக இருக்கவில்லை. பாடநூல் தமிழ், வினாத்தாள் தமிழ், திருத்துபவரும் தமிழறிந்த ஆசிரியர். நீட் 2017இலிருந்து தமிழிலும் நடக்கிறது என்றாலும், 2018 தமிழ்த் தாளில் 49 வினாக்களில் மொழிபெயர்ப்புப் பிழை இருப்பதாக வழக்கு வந்தது. டி.கே. ரங்கராஜன் தொடுத்த அந்த வழக்கில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 196 மதிப்பெண் வழங்கச் சொன்னது. உச்ச நீதிமன்றம் அதைப் பின்னர் ரத்து செய்தது. தமிழ் வினாவுக்கும் ஆங்கில வினாவுக்கும் பொருள் மாறினால் ஆங்கிலமே இறுதி என்பது தேர்வு விதி. என்சிஇஆர்டி நூல்கள் தமிழில் வருவதும் இல்லை.

ஆகவே தமிழ் வழியில் படித்த ரிப்பீட்டர் தமிழ்த் தாளைத் தேர்ந்தெடுப்பது சரியே. ஆனால் பக்கத்திலேயே அச்சாகியிருக்கும் ஆங்கில வினாவைப் படிக்கும் அளவுக்குக் கலைச்சொற்களைப் பழகிக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி இரு மொழிச் சொல்லையும் எதிரெதிரே எழுதி வைப்பது போதும். இது இம்ப்ரூவ்மெண்ட் எழுதிய தலைமுறைக்குத் தேவைப்படாத வேலை. எனவே பெற்றோர் சொல்லும் அறிவுரையில் இது வராது.

வீடும் விடுதியும்

பழைய முறையில் மறுபடி எழுதுபவர் தனித்தேர்வராக விண்ணப்பித்து வீட்டிலிருந்தே படித்துவிட முடிந்தது. தெரிந்த ஆசிரியரிடம் மாலை ட்யூஷன், நூலகத்தில் பழைய வினாத்தாள் என்று காரியம் நடந்தது. வசதி உள்ளவர்கள் நாமக்கல், ராசிபுரம் பக்கத்து விடுதிப் பள்ளிகளுக்கும் திருச்சிக்கும் போனார்கள். போகாதவர்களுக்கும் பாடநூல் ஒன்றே என்பதால் வாய்ப்பு அடியோடு அடைபடவில்லை.

நீட்டில் மாதிரித் தேர்வும் சந்தேகம் தீர்க்கும் ஆசிரியரும் அன்றாடத் தேவை. அவை பெரும்பாலும் திருச்சியிலோ நாமக்கல்லிலோ சென்னையிலோதான் கட்டணத்துக்குக் கிடைக்கின்றன. பெரம்பலூருக்கு ரயில் கிடையாது. சென்னை-திருச்சி நெடுஞ்சாலைப் பேருந்துதான். அரியலூருக்குச் சென்னை-திருச்சி கார்டு லைன் ரயில் உண்டு. எந்த வழியானாலும் திருச்சிக்குத் தினமும் போய்வர ஏறத்தாழ 120 முதல் 140 கிலோமீட்டர் ஆகும். படிக்க வேண்டிய நேரத்தில் மூன்று மணி நேரத்துக்கு மேல் பயணத்தில் கரையும். விடுதியில் தங்கினால் கட்டணத்தோடு சாப்பாட்டுச் செலவும் சேரும். கூலி வேலையிலும் சிறு விவசாயத்திலும் ஓடும் குடும்பத்துக்கு, சம்பாதிக்கும் வயதை நெருங்கும் பிள்ளை ஓராண்டு சும்மா இருப்பதே தனிச் செலவு. பெண் பிள்ளையாக இருந்தால் “இன்னும் ஒரு வருஷமா?” என்ற கேள்வியும் கூடவே வரும்.

வீட்டிலிருந்து படிப்பவருக்கு இன்று கைப்பேசி வகுப்புகள் இருக்கின்றன. பாடம் விளங்குவதற்கு அவை உதவும். ஆனால் தேர்வுப் பழக்கத்துக்கு மணி பார்த்து, தாளில், ஓஎம்ஆர் படிவத்தில், பகல் 2 மணியிலிருந்து 5 மணி வரை உட்கார்ந்து எழுத வேண்டும். நீட் நடப்பதும் அந்த வெயில் நேரத்தில்தான்.

யாருக்குக் கிடைத்தது?

காத்திருக்க முடிந்தவருக்கே பலன் என்பதில்தான் இரண்டு முறைகளும் ஒன்றுபடுகின்றன. 2005 ஜூனில் அன்றைய ஜெயலலிதா அரசு நுழைவுத்தேர்வை ரத்து செய்தபோது, இம்ப்ரூவ்மெண்ட் மதிப்பெண்ணையும் சேர்க்கைக்கு ஏற்க முடியாது என்றது. ஓராண்டு கூடுதலாகப் படித்தவரும் முதல் முறை எழுதுபவரும் ஒரே பட்டியலில் நிற்பது கிராமப்புற மாணவர்களைப் பின்னுக்குத் தள்ளுகிறது என்பது அன்று பேசப்பட்ட வாதம். வழக்குகளால் நுழைவுத்தேர்வு மேலும் சில காலம் நீடித்து, 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாக 2007-08 சேர்க்கையில் விடைபெற்றது. அடுத்த பத்தாண்டு, முதல் தடவை வாங்கிய பிளஸ் டூ மதிப்பெண்ணே விதியைத் தீர்மானித்தது. பெரம்பலூரில் ஆட்சியராக இருந்த தரேஸ் அகமது காலத்தில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ‘சூப்பர் 30’ வகுப்பு நடந்ததும் இந்த இடைக்காலத்தில்தான். பிளஸ் டூ மதிப்பெண்ணை இலக்காகக் கொண்ட அந்த முயற்சி பலரை மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் அனுப்பியது.

நீட் வந்ததும் இரண்டாம் முறை எழுதுவது முன்னிலும் பெரிதாகத் திரும்பி வந்தது. நீதிபதி ஏ.கே. ராஜன் குழு 2021இல் அளித்த அறிக்கை இதை எண்களில் காட்டியது. தமிழ்நாட்டில் மருத்துவத்தில் சேர்ந்தோரில் முந்தைய ஆண்டுகளில் பள்ளி முடித்தவர்கள் 2016-17இல் 12.47 விழுக்காடு, 2020-21இல் 71.42 விழுக்காடு. பத்தில் ஏழு இடம் ஓராண்டோ அதற்கு மேலோ காத்திருக்க முடிந்தவர்களுக்குப் போனது. நீட்டுக்கு முயற்சி வரம்பு இல்லை. 2022 முதல் வயது வரம்பும் இல்லை. மாநில அரசின் விலக்கு மசோதா 2021 செப்டம்பரில் நிறைவேறி, ஆளுநரால் திருப்பப்பட்டு, 2022 பிப்ரவரியில் மறுபடி நிறைவேறியது. குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்கவில்லை என்று 2025 ஏப்ரலில் அறிவிக்கப்பட்டது.

இலங்கையில் இதே சிக்கலை வேறு விதமாகக் கையாள்கிறார்கள். அங்கே பள்ளி இறுதித் தேர்வான ஏ.எல். தேர்வைப் பல்கலைக்கழக அனுமதிக்காக மூன்று முறை வரை எழுதலாம். பாடத்துக்குப் பாடம் தாளின் கடினம் மாறுவதைச் சமன்செய்ய இசட் புள்ளி முறை இருக்கிறது. இடங்களில் 55 விழுக்காடு மாவட்ட அடிப்படையிலும் 5 விழுக்காடு பின்தங்கிய மாவட்டங்களுக்கும் போகிறது. மறுபடி எழுதும் உரிமைக்கு வரம்பு வைத்து, படித்த மாவட்டத்தின் குறையையும் கணக்கில் எடுத்திருக்கிறார்கள். அதிலும் புகார்கள் உண்டு. ஆனால் காத்திருக்க முடிந்தவரே வெல்வார் என்ற நிலைக்கு அங்கே ஓர் எல்லை இருக்கிறது.

தமிழ்நாட்டில் அதற்கு இருக்கும் மருந்து, 2020இல் வந்த 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு அது பொருந்தும். முந்தைய ஆண்டில் பள்ளி முடித்து மறுபடி நீட் எழுதுபவருக்கும் பொருந்தும். கல்விக் கட்டணத்தை அரசே ஏற்கிறது. இந்தப் பட்டியலில் போட்டி தனி என்பதால், பொதுப் பட்டியலில் இடம் தராத மதிப்பெண் இங்கே இடம் தரும். அரசுப் பள்ளியில் படித்த ரிப்பீட்டர் தன் இலக்கை, முந்தைய ஆண்டு இந்தப் பட்டியலில் கடைசியாக இடம் பெற்றவரின் மதிப்பெண்ணை வைத்தே வகுக்க வேண்டும். பக்கத்து வீட்டு ஆங்கிலவழிப் பிள்ளை 600 வாங்கினான் என்று கேட்டுக் கலங்குவது வீண்.

இரு மாவட்டங்களின் இன்றைய கணக்கு

2022 ஜனவரி 12 அன்று திறக்கப்பட்ட 11 அரசு மருத்துவக் கல்லூரிகளில் அரியலூரும் ஒன்று, 150 இடங்கள். அதன் அரங்கத்துக்கு அனிதாவின் பெயர் சூட்டப்பட்டிருக்கிறது. பெரம்பலூரில் சிறுவாச்சூர் அருகே தனியார் மருத்துவக் கல்லூரி உண்டு. அரசுக் கல்லூரி இல்லை. ஆனால் சொந்த மாவட்டத்தில் கல்லூரி வருவதால் அந்த மாவட்டத்துப் பிள்ளைக்கு முன்னுரிமை வந்துவிடாது. மாநிலம் முழுவதற்கும் ஒரே தரவரிசைதான். கண்ணெதிரே கல்லூரி நிற்பது ஊக்கம் தரும்; இடத்தைத் தராது.

பொதுத்தேர்வில் இரு மாவட்டங்களும் பெற்ற முதலிடங்களைக் கொண்டு நீட்டை எடைபோட முடியாது. தேர்ச்சி விழுக்காடு என்பது கடைசி மாணவனையும் 35ஐத் தாண்ட வைத்த உழைப்புக்குக் கிடைத்த பெருமை. நீட் அளப்பது ஒருவர் எத்தனை பேரை முந்தினார் என்பதை. முதலாவதில் ஆசிரியர்கள் வென்றிருக்கிறார்கள். இரண்டாவதில் வெல்ல அவர்களுக்குத் தனி நேரமும் வகுப்பும் பொருளும் வேண்டும். 2017இல் மாநில அரசு 412 மையங்களில் இலவசப் பயிற்சி தொடங்கியது நல்ல காரியம். ஆனால் பள்ளிப் பயிற்சி பள்ளிப் பிள்ளைகளைச் சுற்றியே இயங்குகிறது. பள்ளியை முடித்து வீட்டிலிருக்கும் ரிப்பீட்டர் எந்தப் பதிவேட்டிலும் இல்லாதவராகிவிடுகிறார்.

ஒப்பீட்டின் முடிவு

இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் மூன்று தீர்ப்புகள் கிடைக்கின்றன.

ஒன்று, இம்ப்ரூவ்மெண்ட் எழுதி வென்றவரின் வழி நீட்டுக்கு முழுதும் பொருந்தாது. அவரிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒழுங்கு: நாள்தோறும் ஒரே நேரத்தில் படிக்க உட்காருவது, பாடநூலை விடாமல் பிடிப்பது. விட வேண்டியவை: பாடம் தேர்ந்து படிப்பது, திரும்பத் திரும்ப எழுதுவது, பிளஸ் ஒன்னைத் தள்ளிவைப்பது.

இரண்டு, எல்லோரும் ரிப்பீட் செய்ய வேண்டியதில்லை. ஓஎம்ஆர் தாளைப் பிரித்துப் பார்த்ததில் பிழைகளில் பெரும்பகுதி தெரிந்தும் தவறியவை, நேரமின்றி விட்டவை என்றால் ஓராண்டு தாராளமாகக் கொடுக்கலாம். பெரும்பகுதி பாடமே தெரியாதவை என்றால், எங்கே, யாரிடம், எந்தச் செலவில் படிப்பது என்ற ஏற்பாடு உறுதியான பிறகே முடிவெடுக்க வேண்டும். தமிழ்நாட்டில் கால்நடை மருத்துவத்துக்கும் வேளாண்மைக்கும் மாநில ஒதுக்கீட்டு இடங்கள் பிளஸ் டூ மதிப்பெண்ணில்தான் நிரப்பப்படுகின்றன. பிளஸ் டூவில் சிறந்து நிற்கும் அரியலூர், பெரம்பலூர்ப் பிள்ளைகளுக்கு அவை இரண்டாந்தரப் படிப்புகள் ஆகாது. அந்த விண்ணப்பங்களைப் போட்டு வைத்துவிட்டு நீட்டைப் பற்றி யோசிப்பது நல்லது. தூக்கம் கெட்டு, யாரிடமும் பேசாமல் பிள்ளை ஒடுங்கினால் படிப்பை நிறுத்திவிட்டு முதலில் பேச வேண்டும். 104க்கோ 14416க்கோ எந்த நேரமும் அழைக்கலாம், கட்டணம் இல்லை.

மூன்றாவது தீர்ப்பு அரசுக்கு. ஓராண்டு காத்திருக்க முடிந்தவருக்கே பலன் என்று சொல்லி ஒரு முறையை 2005இல் மூடினோம். இன்று பத்தில் ஏழு இடத்தை அந்த ஓராண்டே தீர்மானித்த நிலையைப் பார்த்துவிட்டோம். நீட் இருக்கும் வரை, 7.5 விழுக்காட்டுக்குத் தகுதியுள்ள பிள்ளை இரண்டாம் முறை எழுத விரும்பினால், மாவட்டத் தலைநகரிலேயே தங்கிப் படிக்கும் விடுதியும் மாதிரித் தேர்வும் ஆசிரியரும் அரசுச் செலவில் கிடைக்க வேண்டும். பிளஸ் டூவில் மாநிலத்தை முந்திக் காட்டிய இந்த இரு மாவட்டங்களிலிருந்தே அதைத் தொடங்கலாம்.